மியூசியம் இன்டர்ன்ஷிப்: பெரிய இடமா, சின்ன இடமா, படிக்கிற பல்கலைக்கழகமா?

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் சென்ற ஆண்டு இரண்டு கடிதங்களோடு வந்தார். ஒன்று, பெயர் சொன்னாலே எல்லோருக்கும் தெரிகிற ஒரு பெரிய அருங்காட்சியகத்திலிருந்து: பத்து வாரம், கண்காட்சிப் பிரிவு, சுமாரான உதவித்தொகை. இன்னொன்று, நான்கே பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன அருங்காட்சியகத்திலிருந்து: ஆறு மாதம், வாரம் இரண்டு நாள், பணம் கிடையாது. ஆனால் துணிச் சேகரிப்பு முழுவதையும் அவர் பொறுப்பில் விடுவதாக எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். “எதுக்கு சரின்னு சொல்லட்டும்?” என்று கேட்டார்.

ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார். முன்பெல்லாம் யோசிக்காமல் பெரிய இடத்துக்கே போகச் சொல்வேன். இப்போது திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன்: கடைசி நாள் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வரும்போது, “இது நான் செய்தது” என்று எதைக் காட்டுவீர்கள்? எந்த இடத்தை நினைத்தால் இதற்குப் பதில் சட்டென்று வருகிறதோ, அந்த இடத்தைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

## எதை வைத்து எடைபோடுவது

இடத்தின் பெயரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, பொருட்களுக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள். வரலாறு, தொல்லியல், கலை வரலாறு, தாவரவியல் என்று எதைப் படித்தாலும் புத்தகமும் படமும் நமக்குப் பழகியவை. மியூசியத்தில் மட்டும் கிடைப்பது, பொருளையே எடுத்துத் திருப்பிப் பார்க்கிற வாய்ப்பு. கிண்ணத்தின் அடிப்பக்கம், ஓவியத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் பழைய சீட்டு, துணியின் உள்தையல். இவற்றில் பெரும்பாலானவை எந்த வெளியீட்டிலும் அச்சாவதில்லை.

இரண்டாவது, உங்களுக்கு யார் பொறுப்பு. ஐந்திலும் கனமானது இதுதான் என்பது என் எண்ணம். நல்ல ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எக்செல்லில் எண் நிரப்புகிற வேலைகூடப் பாடமாகிவிடும். இல்லையென்றால் எவ்வளவு பெரிய திட்டத்தில் இருந்தாலும் மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். அறிவிப்பில் பிரிவின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, ஆளின் பெயர் வேண்டும். அவர் அந்த மாதங்களில் நீண்ட விடுப்பில் இருப்பாரா, ஒரு கண்காட்சித் திறப்புக்கு முந்தைய நெருக்கடியில் மாட்டியிருப்பாரா என்று விசாரியுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்ப்பாரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்றாவது பணம். உதவித்தொகையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். வாடகை, போக்குவரத்து, காப்பீடு, இதற்காக விட்டுவிடுகிற பகுதிநேர வேலையின் சம்பளம் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். கிரெடிட்டுக்காக, அதாவது பட்டப்படிப்பு மதிப்பெண் கணக்கில் சேர்வதற்காகச் செய்கிற இன்டர்ன்ஷிப்பில் பலர் கவனிக்காத ஒரு செலவும் உண்டு. சில பல்கலைக்கழகங்களில் அந்தக் கிரெடிட்டுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். சம்பளமில்லாமல் வேலையும் பார்த்து, அதற்கு நீங்களே பணமும் கட்டுவதாகப் போய் முடியும்.

நான்காவது, ஆய்வேட்டோடு எப்படிப் பொருந்துகிறது. ஐந்தாவது, கையில் என்ன மிஞ்சும். இங்கே நான் சொல்வது சான்றிதழை மட்டுமில்லை. நூறு பொருட்களுக்கு நீங்கள் எழுதிய பதிவு, ஒரு சிறு காட்சிப் பேழைக்கான விளக்க அட்டைகள், பொருள் எந்த நிலையில் இருக்கிறது, எங்கே பழுது என்று குறிக்கும் பத்து நிலை அறிக்கைகள் என்று உங்கள் பெயரில் ஏதாவது இருக்க வேண்டும். அதை அடுத்த நேர்முகத்தில் எடுத்துக் காட்ட அனுமதியும் இருக்க வேண்டும்.

## பெரிய அருங்காட்சியகம்

பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 80 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் பார்வைக்கு வைத்திருப்பவை ஏறக்குறைய 80,000. நூற்றுக்கு ஒன்று. மிச்சமிருக்கும் தொண்ணூற்றொன்பதையும் பாதுகாத்து, பதிவு செய்து, ஆய்வாளர்களுக்கு எடுத்துக் கொடுத்து, வேறு இடங்களுக்கு இரவல் அனுப்பித் திரும்ப வாங்கி வைக்கிற வேலைதான் பெரிய மியூசியத்தின் உள்ளே நடக்கிறது. பார்வையாளராகப் போனால் இது தெரியவே தெரியாது.

அதனால்தான் பெரிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். ஆய்வுக்குக் காப்பாட்சியர், பழுது பார்க்க கன்சர்வேட்டர், போக்குவரத்துக்கும் ஒப்பந்தங்களுக்கும் ரிஜிஸ்ட்ரார், பொருளைத் தாங்கி நிறுத்தும் கொக்கியையும் சட்டத்தையும் செய்வதற்கே ஒருவர். ஓர் ஓவியம் இரவல் போகும் நாளில் பக்கத்தில் இருந்து பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, வண்ணத்தில் எங்கே மேடு தட்டியிருக்கிறது, எங்கே உரியப் பார்க்கிறது என்று ஒவ்வொரு அங்குலமாகக் குறிப்பார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலும் பெட்டியைத் திறந்து அதே அறிக்கையை வைத்து ஒப்பிடுவார்கள். நீர்வண்ண ஓவியத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்று பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்காகக் காட்சிக்கூட வடிவமைப்பாளரும் கன்சர்வேட்டரும் அரை மணி நேரம் வாதாடுவதைக் கேட்கும்போதுதான் அது மனதில் நிற்கும்.

இனி மறைமுகச் செலவுகள். பெரிய இடத்தில் நுழைவதற்கே நேரம் போகும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு பெரிய இடத்தில் பத்து வாரம் இருந்தேன். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து சேமிப்பறைக்குள் போக அடையாள அட்டை கைக்கு வந்தது நான்காவது வாரம். அதுவரை படித்துக்கொண்டிருந்தேன். படித்தது வீண் இல்லைதான், ஆனால் அதை நூலகத்திலேயே செய்திருக்கலாம். அப்புறம், பயிற்சி பெற்ற ஊழியர்கள் மட்டுமே பொருளைத் தொடலாம் என்பது பல இடங்களில் விதி. விதி சரியானதுதான். ஆனால் “பொருளோடு வேலை” என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்குக் கணினித் திரைதான் கிடைக்கும்.

பரிந்துரைக் கடிதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய பெயர் அச்சிட்ட தாளில், உங்களை அவ்வளவாகத் தெரியாத ஒருவர் எழுதும் நான்கு பொதுவான வரிகளைவிட, சின்ன இடத்தில் உங்களோடு மாதக்கணக்கில் ஒரே மேசையில் வேலை பார்த்தவர் எழுதும் ஒரு முழுப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர்கள் இரண்டையும் ஒரே பார்வையில் பிரித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய இடங்களில் மாணவர்களுக்குப் பெரும்பாலும் பதிவுப் பணியைத்தான் கொடுப்பார்கள், பலர் அதைக் கீழான வேலை என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பொருட்கள் காணாமல் போனதும், திருடுபோனதும், சேதமானதும் வெளியே வந்தது. ஏறக்குறைய 2,000 பொருட்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அவற்றில் பல முறையாகப் பட்டியலிடப்படாமல் சேமிப்பறையில் இருந்த சிறு நகைகளும் செதுக்கிய மணிக்கற்களும். பதிவில் இல்லாத பொருள் காணாமல் போனால், அது அங்கே இருந்தது என்று நிரூபிப்பதே பெரும்பாடு. சில வாரங்களிலேயே, ஐந்து ஆண்டுக்குள் சேகரிப்பு முழுவதையும் பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் திட்டத்தை அவர்கள் அறிவித்தார்கள். ஒரு பொருளுக்கு எண், அளவு, படம், இருக்கும் இடம் என்று ஒழுங்காக எழுதத் தெரிந்தவரை எந்த மியூசியமும் மதிக்கும்.

பெரிய இடம் யாருக்குப் பொருந்தும்? குறிப்பிட்ட ஒரு நிபுணரிடமோ ஆய்வகத்திலோதான் கற்றுக்கொள்ள முடிகிற விஷயம் வேண்டும் என்பவருக்கு. ரிஜிஸ்ட்ரார் வேலைக்கே போக நினைப்பவருக்கு. பொருட்களின் கைமாறிய வரலாற்றை ஆராய்பவருக்கு. கடைசியாகச் சொன்ன இந்தத் துறை கலைப்பொருட்களைச் சட்டவிரோதமாகக் கடத்துவதைத் தடுக்க வந்த 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை, நாஜிகள் பறித்த கலைப்பொருட்கள் பற்றிய 1998 வாஷிங்டன் கோட்பாடுகள் ஆகியவற்றுக்குப் பிறகு தனியே வளர்ந்திருக்கிறது. அதற்கு வேண்டிய பழைய ஏலப் பட்டியல்களும் கடிதக் கோப்புகளும் பெரிய இடங்களில்தான் குவிந்து கிடக்கின்றன.

## சின்ன அருங்காட்சியகம்

நான் முதன்முதலாகப் பதிவெண் எழுதியது ஒரு சுடுமண் கிண்ணத்தின் மேல். அது ஒரு சின்ன இடம். காப்பாட்சியர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

முதலில் எங்கே எழுதுவது என்று தேட வேண்டும். பேழையில் வைத்தால் கண்ணில் படக் கூடாது, தரையில் உரசித் தேயவும் கூடாது. நேராகப் பொருளின் மேல் எழுதுவது தவறு. அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசினை மெல்லிய தூரிகையால் ஒரு சின்னப் பட்டையாகப் பூசி, காயவிட வேண்டும். அதன் மேல் மெல்லிய முனைப் பேனாவால் எண். அது காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. நாளைக்கு யாராவது எண்ணை மாற்ற நினைத்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் வந்துவிடும், கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகாது. “நாம செய்யறது எதுவும் பின்னால வர்றவங்க கையைக் கட்டிப் போடக் கூடாது” என்றார் அவர். பாதுகாப்பு நெறி பற்றி அப்புறம் எவ்வளவோ படித்தேன், முதல் பாடம் அதுதான்.

அந்தக் கிண்ணத்தின் எண் 1987.12.4. அதாவது 1987ஆம் ஆண்டில் வந்த பன்னிரண்டாவது வரவில் நான்காவது பொருள். பழைய எண் அழிந்துகொண்டிருந்ததால் புதிதாக எழுதச் சொன்னார்கள். எழுதும் முன் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், அந்தப் பன்னிரண்டாவது வரவில் மூன்றே பொருட்கள்தான். அப்படியானால் நான்காவது எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் கடிதக் கோப்புகளைப் புரட்டினோம். கொடுத்தவர் இரண்டு மாதம் கழித்து இன்னொரு கிண்ணத்தையும் அனுப்பி, “இதுவும் அவற்றோடு கிடைத்ததுதான்” என்று ஒரு அஞ்சல் அட்டை எழுதியிருந்தார். அந்த அட்டையைப் பதிவேட்டில் யாரும் சேர்க்கவில்லை. சேர்த்தோம். மூன்று பாத்திரங்கள் ஒரே இடத்தில் கிடைத்தவை என்று அதுவரை எழுதியிருந்த விளக்க அட்டை நான்கு என்று மாறியது. ஒரு இன்டர்னாக நான் செய்ததில் இன்றும் பெருமையாக நினைப்பது அந்த ஒற்றை எண்ணைத்தான்.

சின்ன இடத்தின் பலம் இதுதான். ஒரு பொருளின் பின்னால் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே போகலாம். திங்களன்று பூச்சிப் பொறிகளில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவீர்கள். கம்பளித் துணியில் அந்துப்பூச்சி தெரிந்தால் அதை பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி உறைபெட்டியில் வைக்கக் கற்றுக்கொள்வீர்கள். உலோகத்தைத் தொடும்போது நைட்ரைல் கையுறை வேண்டும், தாளைப் புரட்டும்போது கழுவித் துடைத்த வெறும் கையே நல்லது என்பதெல்லாம் இப்படித்தான் பழகும். புதனன்று விளக்க அட்டை எழுதுவீர்கள். பல மாணவர்கள் ‘எனக்கு ஆய்வுதான் பிடிக்கும்’ என்று வந்து, ‘எனக்குச் சேமிப்பறைதான் பிடிக்கிறது’ என்று தெரிந்துகொண்டு போவது இங்கேதான்.

குறைகளும் சின்னவை இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் தவறான பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கன்சர்வேட்டர் இல்லாத இடத்தில் “லேசாத் துடைச்சிடுங்க” என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தூசி தட்டுவது வேறு, சுத்தம் செய்வது வேறு. இரண்டாவதுக்குப் பயிற்சி வேண்டும். ஆள் பற்றாக்குறையால் நுழைவுச் சீட்டு மேசை, பள்ளிக் குழந்தைகளுக்குச் சுற்றிக் காட்டுவது, சுவரொட்டி ஒட்டுவது எல்லாம் உங்கள் தலையில் விழலாம். கொஞ்சம் செய்வது நல்லது, பார்வையாளர் என்ன கேட்கிறார் என்று அப்போதுதான் தெரியும். ஆறு மாதமும் அதுவே என்றால் நீங்கள் இன்டர்ன் இல்லை, சம்பளமில்லாத ஊழியர்.

உடல்நலம் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் பாடம் செய்த விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஆர்செனிக் கலந்த பூச்சு பூசினார்கள். தாவர மாதிரிகளுக்கும் தோல், இறகுப் பொருட்களுக்கும் பாதரச உப்புகளைப் பயன்படுத்தினார்கள். அவை இன்னும் பொருளின் மேலேயே இருக்கின்றன. பெரிய இடங்களில் இதற்கு எச்சரிக்கைச் சீட்டும் நடைமுறையும் இருக்கும். சின்ன இடத்தில் நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும்: “இந்தச் சேகரிப்பில் பூச்சிமருந்து சோதனை செய்திருக்கிறீர்களா?” கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள்.

வழிமுறை எதுவும் இல்லாத இடத்துக்குப் போக நேர்ந்தால், நீங்களே ஒன்றைக் கொண்டுபோகலாம். பிரிட்டனில் உருவான ஸ்பெக்ட்ரம் என்ற சேகரிப்பு மேலாண்மைத் தரநிலையில் 21 செயல்முறைகள் இருக்கின்றன. பொருள் உள்ளே வருவது, பதிவாவது, இடம் மாறுவது என்று ஒவ்வொன்றையும் படிப்படியாகச் சொல்கிறது. குழம்பிக் கிடக்கும் சேமிப்பறையை ஒழுங்குபடுத்த இக்ரோம் என்ற பன்னாட்டுப் பண்பாட்டுப் பாதுகாப்பு அமைப்பு உருவாக்கிய ‘ரீ-ஆர்க்’ முறை, பணமும் ஆளும் குறைந்த சின்ன இடங்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. இவற்றில் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு அலமாரியில் செயல்படுத்திக் காட்டினாலும் அது ஒரு முழு இன்டர்ன்ஷிப்புக்குப் போதும்.

## நீங்கள் படிக்கிற பல்கலைக்கழகத்தின் சேகரிப்பு

இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் மியூசியத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவு பழையது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் மியூசியம் 1683இல் திறந்தது. 1920களில் ஹார்வர்டின் ஃபாக் மியூசியத்தில் பால் சாக்ஸ் தொடங்கிய வகுப்பில், மாணவர்கள் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே பாடம் படித்தார்கள். அதில் படித்த ஆல்ஃபிரட் பார், 1929இல் நியூயார்க்கின் நவீன கலை மியூசியத்துக்கு முதல் இயக்குநரானபோது அவருக்கு வயது 27.

உங்கள் பல்கலைக்கழகத்தில் ‘மியூசியம்’ என்று பலகை இல்லாமல் இருக்கலாம். நிலவியல் துறையின் பாறை மாதிரிகள், தாவரவியல் துறையின் உலர்தாவரத் தாள்கள், இயற்பியல் துறை மூலையில் பித்தளையில் பளபளக்கும் பழைய கருவிகள், நூலகத்தின் ஓலைச்சுவடிகள். எல்லாமே சேகரிப்புதான். பெரும்பாலும் அவற்றைப் பட்டியலிட ஆள் இருக்காது.

வாடகை மாறாது, பயணச் செலவு இல்லை, வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்று ஓராண்டு முழுக்க நீட்டிக்கொள்ளலாம். ஆய்வேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். மாலை நான்கு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் நான்கேகாலுக்குப் பொருளின் முன்னால் நிற்கலாம்.

இங்கே மறைமுகச் செலவு வேறு மாதிரி வரும். எல்லோருக்கும் நீங்கள் ‘மாணவர்’தான். தேர்வு வந்தால் வேலை நிற்கும், கைடு வேறு ஏதாவது கேட்டால் அது முன்னே வந்துவிடும். கைடே சேகரிப்புக்கும் பொறுப்பாளராக இருந்தால் “முடியாது” என்று சொல்வது இன்னும் கஷ்டம். ஆகவே இத்தனை மணி நேரம், இந்த வேலை, இந்தத் தேதிக்குள் என்று ஒரு பக்கமாவது எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு குறை: படிப்பும் பயிற்சியும் ஒரே இடத்தில் இருந்தால் வெளியுலகம் எப்படி இயங்குகிறது என்று பார்க்காமலே போய்விடலாம். முதல் இன்டர்ன்ஷிப்புக்கு இது மிக நல்ல இடம். ஒரே இன்டர்ன்ஷிப்பாக இதுமட்டும் போதுமா என்றால், முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்குப் போதும், நேராக மியூசியம் வேலைக்குப் போகிறவருக்குப் போதாது.

## வீட்டிலிருந்தே செய்வது

பழைய கையெழுத்துப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்வது, படங்களுக்குக் குறிச்சொல் போடுவது, இணையக் கண்காட்சி எழுதுவது. உடல்நிலை, குழந்தை, தூரம் என்று எந்தக் காரணத்தாலும் நகர முடியாதவர்களுக்கு இது உண்மையான வாய்ப்பு, குறைத்துப் பேச மாட்டேன். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2013 முதலே கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்யும் வேலையை இணையத்தில் எந்தத் தன்னார்வலரும் செய்யலாம் என்று திறந்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய அதே வேலையை ‘இன்டர்ன்ஷிப்’ என்ற பெயரில் கொடுத்தால், அதற்கு மேல் என்ன கற்றுத் தருவார்கள் என்று கேட்க வேண்டும். திருத்திக் கொடுப்பவர் இருக்கிறாரா? பொருட்பெயர்களுக்கான தரப்படுத்திய சொற்பட்டியலை எப்படிப் பயன்படுத்துவது என்று பழக்குவார்களா? இல்லையென்றால் விட்டுவிடலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017இலும் ஸ்மித்சோனியன் 2020இலும் லட்சக்கணக்கான படங்களையும் தகவல்களையும் உரிமைத் தடையின்றித் திறந்துவிட்டன. அவற்றை வைத்து நீங்களாகவே ஒரு நல்ல சிறு ஆய்வைச் செய்து காட்டலாம்.

## ஒரே பார்வையில்

| | பெரிய இடம் | சின்ன இடம் | சொந்தப் பல்கலைக்கழகம் | வீட்டிலிருந்து |
|---|---|---|---|---|
| பொருளோடு நேரம் | குறைவு, விதிகள் அதிகம் | அதிகம் | அதிகம் | இல்லை |
| கற்றுத் தரும் ஆள் | நிபுணர்கள் உண்டு, நேரம் கிடைப்பது அரிது | ஒருவரே எல்லாம், அவரைப் பொறுத்தது | கைடு அல்லது துறை ஊழியர் | மின்னஞ்சலில் |
| பணம் | உதவித்தொகைக்கு வாய்ப்பு அதிகம், வாழும் செலவும் அதிகம் | பெரும்பாலும் இல்லை | சில சமயம் துறை நிதி | செலவும் குறைவு, வரவும் குறைவு |
| ஆய்வேடு | தலைப்பு பொருந்தினால் மட்டும் | பேசி அமைத்துக்கொள்ளலாம் | மிகப் பொருத்தம் | பகுதி அளவில் |
| கையில் மிஞ்சுவது | பெயர், தொடர்புகள் | முழுமையான ஒரு வேலை | ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் | இணையத்தில் காட்டக்கூடிய பக்கம் |
| கவனிக்க வேண்டியது | அனுமதிக்கே வாரங்கள் போவது | எல்லா வேலையும் தலையில் விழுவது | எல்லைக்கோடு இல்லாதது | தனிமை, ஒரே மாதிரி வேலை |

## சம்பளம் இல்லை என்றால்

இதில் எனக்கு ஓர் உறுதியான நிலைப்பாடு உண்டு. முழுநேர இன்டர்ன்ஷிப்பைச் சம்பளமில்லாமல் கொடுப்பது நியாயமில்லை. பணமுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இந்தத் துறைக்குள் வர முடியும் என்ற நிலையை அது உருவாக்கிவிடுகிறது. வட அமெரிக்காவின் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் இன்டர்ன்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று 2019இல் தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு, ஒரு பெரும் நன்கொடையின் துணையால், மெட்ரோபாலிட்டன் மியூசியம் தன் எல்லா இன்டர்ன்ஷிப்புகளுக்கும் உதவித்தொகை தருவதாக அறிவித்தது. மனம் வைத்தால் முடியும் என்பது தெரிகிறது.

ஆனாலும் நான்கு பேர் நடத்தும் இடத்தில் பணம் இல்லாததும் உண்மை. அங்கே போவதென்றால் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயணச் செலவையாவது கேளுங்கள், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதிக்கு விண்ணப்பியுங்கள். வேறு நாட்டில் படிக்கிறவர்கள் விசா விதியை முதலில் பார்க்க வேண்டும். உதாரணமாக அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்போடு சேர்ந்த சம்பள இன்டர்ன்ஷிப்பைத் தொடங்கும் முன் சி.பி.டி. என்ற, பாடத்தின் பகுதியான பயிற்சிக்குரிய அனுமதியை வாங்கியிருக்க வேண்டும். பணம் வராத பயிற்சி என்றாலும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

## யாருக்கு எது

இதுவரை எந்த மியூசியத்திலும் வேலை பார்த்ததில்லை, என்ன பிடிக்கும் என்றே தெரியாது என்பவர் சின்ன இடத்துக்கோ சொந்தப் பல்கலைக்கழகத்துக்கோ போகலாம். ஏற்கெனவே பொருளைக் கையாண்ட அனுபவம் இருந்து, குறிப்பிட்ட ஒரு திறமை வேண்டும் என்பவருக்குப் பெரிய இடம். முனைவர் பட்ட ஆய்வின் நடுவில் இருப்பவர் பத்து வாரம் முழுநேரமாகப் போவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். பத்து வாரம் என்பது திரும்பி வந்து பழைய வேகத்தைப் பிடிக்கும் காலத்தையும் சேர்த்தால் நான்கு மாதம். அதோடு, இன்டர்னாக இருந்து பார்த்த கோப்புகளையும் படங்களையும் ஆய்வேட்டில் பயன்படுத்த எழுத்துமூல அனுமதி வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் தாமதமாகிவிடும், முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

கடன் அழுத்துகிறவர் பணம் தருகிற இடத்துக்கே போங்கள். அதில் தயக்கமே வேண்டாம். வயிற்றுப்பாட்டைப் பற்றிய கவலையோடு ஒரு பொருளை உற்றுப் பார்க்க முடியாது.

## அந்த மாணவி

வெள்ளிக்கிழமை வரை அவர் காத்திருக்கவில்லை. புதன்கிழமையே இரண்டு இடங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினார். மூன்று கேள்விகள்: “தினமும் என்னோடு வேலை பார்ப்பவர் யார்? என் கடைசி நாளில் எந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அதை என் பெயரில் வெளியே காட்டலாமா?”

பெரிய இடத்திலிருந்து அடுத்த நாளே மரியாதையான பதில் வந்தது. பொறுப்பாளர் யார் என்பது சேர்ந்த பிறகு முடிவாகும், திட்டமும் மாறக்கூடும் என்றிருந்தது. சின்ன இடத்தின் காப்பாட்சியர் ஒரு படத்தை அனுப்பியிருந்தார். ஒரு மர அலமாரி, அதில் பதினொரு இழுப்பறை, பக்கத்தில் 1960களில் தொடங்கிய ஒரு பதிவேடு. “நாலு இழுப்பறை வரைக்கும் நான் முடிச்சிட்டேன். மிச்சம் ஏழு. நீங்க எழுதற ஒவ்வொரு பதிவுலயும் உங்க பெயர் இருக்கும்” என்று எழுதியிருந்தார்.

ஆறு மாதத்தை நான்காகக் குறைத்து, பயணச் செலவுக்கும் ஒப்புக்கொள்ள வைத்து, சனி ஞாயிறு பார்த்துவந்த பகுதிநேர வேலையையும் விடாமல் அவர் அங்கே போனார். ஐந்து இழுப்பறை முடிந்தது. கடைசி இரண்டில் என்ன இருக்கிறது என்று அடுத்து வருபவருக்காக இரண்டு பக்கம் எழுதி, பதிவேட்டின் அட்டைக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.